தகரம் அறுக்காத மெல்லிய கையுறை

கிளிநொச்சியில் ஒரு இரும்புக்கடைக் களஞ்சியத்தில் கூரைத் தகரம் இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மொத்தமான தோல் கையுறை போட்ட பொடியன் ஒருவனுக்கு, கட்டின் பட்டியை அவிழ்க்க விரல் வளையவில்லை. கழற்றி இடுப்பில் செருகினான். அடுத்த தகரம் பெருவிரலில் கோடு கிழித்தது. "இதைப் போட்டா வேலை ஓடாது அண்ணை" என்றான். அவன் சொன்னது நியாயம்தான்.

தாக்கத்தியை நெற்தாளில் வைத்து அமத்தினால் அறாது, இழுத்தால்தான் அறும். தகர விளிம்பும் அப்படித்தான்: அழுத்தமும் வழுக்கலும் சேரும்போதே தோல் கிழிகிறது. பருத்தி நூல் அந்த இழுப்புக்குச் சீக்கிரம் அறுந்துவிடும். வெட்டுத் தாங்கும் கையுறைகளில் இருப்பது வேறு நூல். ஒன்று அராமிட் என்ற வலுவான செயற்கை இழை. இன்னொன்று பொலிஎத்திலீன், அதாவது சொப்பிங் பையின் உறவினர். ஆனால் இதில் மூலக்கூற்றுச் சங்கிலிகள் மிக நீளமானவை, நூலின் திசையிலேயே வரிசையாகப் படுத்திருப்பவை. நூல் அறுவதற்கு அவ்வளவையும் உடைக்க வேண்டும். சிலவற்றில் கண்ணாடி இழையோ மெல்லிய உருக்குக் கம்பியோ உள்ளே ஓடும். அது அலகையே மழுங்கடிக்கும். அதனால்தான் மெல்லியதும் தாங்குகிறது.

எவ்வளவு தாங்கும்? கையுறையின் பின்புறத்தில் சுத்தியல் படத்தோடு ஈஎன் 388 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கும், அதன்கீழ் 4எக்ஸ்42சி போல ஒரு வரி. முதல் எண் தேய்மானத்துக்கு. எக்ஸ் என்றால் அந்த இடத்துக்குரிய சோதனை செய்யப்படவில்லை. நமக்கு வேண்டியது ஏ முதல் எஃப் வரையான எழுத்து. நேரான அலகை 20 மில்லிமீற்றர் இழுக்கும்போது எத்தனை நியூட்டன் விசையில் துணி அறுகிறது என்பதே அதன் கணக்கு. பி என்றால் குறைந்தது 5 நியூட்டன், ஏறக்குறைய அரைக் கிலோ பாரம். சி 10, டி 15, எஃப் 30. பெட்டி பிரிக்க, சாமான் அடுக்க பி அல்லது சி போதும் என்பது என் கணிப்பு. தகரம், கண்ணாடி தூக்குபவர் டிக்குக் கீழே இறங்க வேண்டாம்.

அலுமினிய ஜன்னல் பொருத்துபவர் சின்ன ஸ்குரூவை விரலால் பிடிக்க வேண்டும். அவருக்குப் பின்னல் எண் முக்கியம்: ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பது. 13ஐ விட 18 மெல்லியது. உள்ளங்கைப் பூச்சு, உலர்ந்த வேலைக்குப் பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நைட்ரில் என்ற செயற்கை றப்பர். பிடி நழுவாவிட்டால் பாதி வெட்டு நடக்கவே நடக்காது.

இனி இதை நம்பக் கூடாத இடங்கள். சாக்குத் தைக்கும் ஊசி இந்த நூலை வெட்டாது, விலக்கிக்கொண்டு உள்ளே போகும். சுழலும் துளைபொறியில் எந்தக் கையுறையும் வேண்டாம். சுற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

அப்புறம், தோய்த்துவிட்டு வன்னி வெயிலில் வேலிக்கம்பியில் தொங்கவிடும் பழக்கம் நமக்குண்டு. அராமிட் வெயிலிலும் குளோரினிலும் பலமிழக்கும். நிழலில் காயப்போடுங்கள்.