மது ஆய்வு மூளை வங்கிக்கு அமெரிக்க அரசு மானியம்: விண்ணப்பம் எங்கே விழுகிறது

அளவுக்கு மீறிக் குடித்து இறந்தவரின் மூளையை ஆய்வுக்குத் தருவீர்களா என்று வீட்டாரிடம் கேட்பது பெரும்பாலும் இறப்பு நடந்த ஒன்றிரண்டு நாளுக்குள், அதுவும் தொலைபேசியில்தான். துக்கத்துக்கு நடுவே சம்மதம் சொல்கிறார்கள். அப்படிக் கொடுத்ததை ஆண்டுக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கப் பணம் வேண்டும். அந்தப் பணத்துக்கான விண்ணப்பம் அறிவியலில் தோற்றால் தாங்கிக்கொள்ளலாம். முகவரியில் ஒரு சொல் மாறியதற்காகவும், தப்பான மானிய வகையில் போட்டதற்காகவும் தோற்பதைத் தாங்க முடியாது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகம், மூளைகளைச் சேகரித்து ஆய்வுக்குத் தரும் இப்படி ஒரு வங்கிக்கு விண்ணப்பிக்கும்போது எங்கே கால் இடறும் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

பின்னணி சுருக்கமாக. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் (என்.ஐ.எச்.) கீழ் மது ஆய்வுக்கென்றே 1970 முதல் ஒரு நிறுவனம் உண்டு: என்.ஐ.ஏ.ஏ.ஏ. தன் நாட்டு ஆய்வகங்களோடு நில்லாமல், சிட்னி பல்கலைக்கழகத்தில் இயங்கும் நியூ சவுத் வேல்ஸ் மூளைத் திசு வள மையத்துக்கும் அது நெடுங்காலமாகப் பணம் கொடுத்து வந்திருக்கிறது. அங்கிருந்து திசு வாங்கி எழுதிய கட்டுரைகளின் நன்றியுரையில் ஆர்28ஏஏ012725 என்ற எண்ணைப் பார்க்கலாம். அதுதான் அந்த மானியம். ஆக, வெளிநாட்டு வங்கிக்கு அமெரிக்க வரிப்பணம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் எளிதில் கிடைக்கும் என்றும் நம்ப வேண்டாம்.

எதற்கு இவ்வளவு பாடு என்று உங்கள் துறைத் தலைவர் கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. ஆஸ்திரேலிய நோய்க்குறியியல் மருத்துவர் கிளைவ் ஹார்ப்பரும் சகாக்களும் பிணக்கூறாய்வில் வெர்னிக்கே-கோர்சகாஃப் பாதிப்பு தெரிந்த 131 பேரின் பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து 1986-இல் எழுதினார்கள். உயிரோடு இருந்தபோது அந்த நோய் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அவர்களில் ஐந்தில் ஒரு பங்குதான். தயமின் என்ற பி1 வைட்டமின் குறைவால் வரும் நோய் அது. ஊசி போட்டிருந்தால் தடுத்திருக்கலாம். 1991 ஜனவரி முதல் ஆஸ்திரேலியாவில் ரொட்டி மாவில் தயமின் சேர்ப்பது கட்டாயமானது. அதற்குப் பின் சிட்னியில் மூளைகளை வரிசையாகப் பார்த்தபோது அந்தப் பாதிப்பு முன்னைவிடக் குறைந்திருந்தது. மூளையைத் திறந்து பார்த்திராவிட்டால் இந்த வாதமே எழுந்திருக்காது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

முதல் குழி மானிய வகை. ஆர்01 என்ற வழக்கமான ஆய்வு மானியத்தில் வங்கி நடத்தும் செலவை நுழைத்து எழுதுகிறவர்கள் உண்டு. கருதுகோள் எங்கே என்று கேட்டு மதிப்பீட்டாளர்கள் தள்ளிவிடுவார்கள். வங்கி என்பது பிறர் ஆய்வுக்கான வளம். அதற்கு ஆர்24, ஆர்28 போன்ற வள மானியங்கள் தனியாக இருக்கின்றன. ஆர்01-க்கு இருப்பது போல எப்போதும் திறந்திருக்கும் பொது அறிவிப்பு இவற்றுக்குக் கிடையாது. அந்தந்த நிறுவனம் அறிவிப்பு வெளியிட்டால்தான் போட முடியும். எனவே எழுத உட்காரும் முன் என்.ஐ.ஏ.ஏ.ஏ.வின் திட்ட அலுவலருக்கு ஒரு பக்கச் சுருக்கம் அனுப்பி, இதற்கு இப்போது எந்த அறிவிப்பு பொருந்தும், வெளிநாட்டு நிறுவனத்துக்கு அதில் தகுதி உண்டா என்ற இரண்டையும் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். அறிவிப்பில் தகுதிப் பகுதியின் அடியில் ‘அமெரிக்கர் அல்லாத நிறுவனங்கள் தகுதியற்றவை’ என்ற ஒற்றை வரி இருக்கலாம். அதைப் பார்க்காமல் மூன்று மாதம் உழைப்பது கொடுமை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் வழியாகத் துணை மானியமாகப் பெறலாம் என்று யாரேனும் பழைய வழியைச் சொன்னால் கவனம்: வெளிநாட்டுத் துணை மானியங்களை 2025 மே மாதம் என்.ஐ.எச். நிறுத்தி, முறையையே மாற்றத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது குழி பதிவுகள். அதிகம் பேரை வீழ்த்துவது இதுதான். வரிசை முக்கியம். முதலில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கான என்கேஜ் குறியீடு. அது கையில் வந்த பிறகு, அமெரிக்க அரசுப் பணம் பெறும் நிறுவனங்கள் பதிய வேண்டிய சாம் தளத்தில் பதிவு, அங்கே யூ.ஈ.ஐ. என்ற நிறுவன அடையாள எண். அதற்குப் பின் விண்ணப்பம் போடும் கிராண்ட்ஸ் தளம், என்.ஐ.எச்.சின் சொந்தத் தளமான ஈரா காமன்ஸ். ஆறு வாரம் ஒதுக்குங்கள் என்று என்.ஐ.எச். சொல்கிறது. பல்கலைக்கழகப் பதிவாளர் கையெழுத்துக்கு அலைவதையும் சேர்த்து மூன்று மாதம் என்று வைத்துக்கொள்வதே புத்தி.

என்கேஜில் கொடுத்த பெயரும் முகவரியும் சாமில் கொடுப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் ‘ரோடு’ என்று முழுதாகவும் மற்றதில் சுருக்கியும் எழுதினால் போதும், பதிவு திரும்பி வரும். ஒன்றில் பல்கலைக்கழகத்தின் பெயர், மற்றதில் மருத்துவக் கல்லூரியின் பெயர் என்று இருந்தால் கேட்கவே வேண்டாம். பல்கலைக்கழகச் சட்டத்தில் உள்ள பெயரை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்து, எல்லா இடத்திலும் அதையே தட்டச்சு செய்யுங்கள். சாம் பதிவு ஓராண்டுதான் செல்லும். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது அது காலாவதியானால் மானியம் கைக்கு வராமல் நின்றுவிடும். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் வேலையை விட்டுப் போன ஒருவரின் பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. தனிநபர் முகவரி கொடுக்காமல், அலுவலகப் பொது முகவரி கொடுங்கள்.

ஈரா காமன்ஸில் முதன்மை ஆய்வாளருக்கு ஒரு கணக்கு, நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடுபவருக்கு வேறொரு கணக்கு. ஒரே ஆள் இரண்டு பதவியையும் ஒரே கணக்கில் வைத்திருக்கக் கூடாது. கடைசி நேரம் மாலை 5 மணி என்பது அமெரிக்க நேரம் அல்ல, விண்ணப்பிக்கும் நிறுவனம் இருக்கும் ஊரின் நேரம். வாஷிங்டனில் இன்னும் 5 மணி ஆகவில்லையே என்று சிட்னியிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருந்தால் போயிற்று. அதோடு, அனுப்பிவிட்டால் ஆயிற்று என்று எழுந்துவிடாதீர்கள். மென்பொருள் காட்டும் பிழைகளையும் அந்த 5 மணிக்குள் திருத்தி மறுபடி அனுப்பினால்தான் கணக்கு. ஒரு வாரம் முன்னதாக அனுப்புங்கள்.

வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு தாள் உண்டு: இந்த வேலையை ஏன் அமெரிக்காவில் செய்ய முடியாது என்ற நியாயம். ‘எங்கள் குழு அனுபவம் மிக்கது’ என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. என்.ஐ.எச்.சுக்குச் சொந்தமாக நியூரோபயோபேங்க் என்ற வங்கித் தொகுப்பே இருக்கிறது. அதில் கிடைக்காதது உங்களிடம் என்ன என்று சொல்ல வேண்டும். மரண விசாரணை அதிகாரி வழியாக வரும் குடிப்பழக்க மரணங்கள், வாழ்நாள் குடிப் பதிவு, கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் தனித்தனியாக, குடிக்காதவர்களின் ஒப்பீட்டு மூளைகள் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

நெறிமுறைப் பக்கத்தில் ஒரு நுணுக்கம். அமெரிக்க விதிப்படி ‘மனித ஆய்வுப் பொருள்’ என்றால் உயிரோடு இருப்பவர். இறந்தவரின் திசு மட்டும் என்றால் அந்தப் பெட்டியில் ‘இல்லை’ என்று குறிக்கலாம் என்பது சரிதான். ஆனால் உயிரோடு இருக்கும்போதே தானம் செய்யப் பதிவு செய்தவர்களிடம் ஆண்டுதோறும் நேர்காணல் எடுத்தால் கதை மாறிவிடும். அப்போது அது மனித ஆய்வு. நிறுவன உறுதிமொழிப் பதிவும், அமெரிக்க அலுவலகத்தில் பதிவான நெறிமுறைக் குழுவும் தேவைப்படும். ஒரு பக்கம் ‘இல்லை’ என்று குறித்துவிட்டு இன்னொரு பக்கத்தில் நேர்காணல் பற்றி எழுதியிருப்பதை மதிப்பீட்டாளர் கண்டுபிடித்தால், உங்கள் மீதுள்ள நம்பிக்கை போய்விடும். உள்ளூர்ச் சட்டமும் தனியாக நிற்கிறது. நியூ சவுத் வேல்ஸில் மனிதத் திசுச் சட்டம் 1983. யார் சம்மதம் தர உரிமையுள்ள நெருங்கிய உறவினர் என்பதை அதுதான் சொல்கிறது. பிரிந்து வாழும் மனைவியா, கூட இருந்த துணையா, தாயா என்ற கேள்வி குடிநோய் உள்ள குடும்பங்களில் அடிக்கடி எழும். இதைத் தப்பாகக் கையாண்டால் காயப்படுவது அந்த வீடு.

இனி, யாருடைய மூளையைச் சேர்ப்பது? சிட்னி வங்கியின் அளவுகோல் ஆய்வுலகில் பரவலாகத் தெரிந்தது: வளர்ந்த வாழ்நாளின் பெரும்பகுதி நாளொன்றுக்கு 80 கிராமுக்கு மேல் எத்தனால் குடித்தவர் ஒரு பக்கம், 20 கிராமுக்குக் குறைவாகக் குடித்தவர் ஒப்பீட்டுப் பக்கம். இந்தக் கிராம் கணக்கில்தான் நல்ல திசு வீணாகிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு ‘நிலையான பானம்’ என்றால் 10 கிராம். மருத்துவக் குறிப்பில் ‘நாளுக்கு ஆறு பீர் கேன்’ என்றிருந்தால் புதிதாக வந்த உதவியாளர் 60 கிராம் என்று எழுதி, அந்த மூளையை விலக்கிவிடுவார். 375 மில்லி முழு வீரிய பீர் கேனில் இருப்பது சுமார் 14 கிராம். ஆறு கேனுக்கு 84. அவர் உள்ளே வரவேண்டியவர். நம் ஊர்க் குறிப்புகளில் ‘ஒரு குவார்ட்டர்’ என்றிருந்தால் 180 மில்லி, 42.8 விழுக்காடு, எத்தனாலின் அடர்த்தி 0.789; பெருக்கினால் சுமார் 61 கிராம். மில்லி, விழுக்காடு, அடர்த்தி மூன்றையும் பெருக்கும் அட்டவணையை விண்ணப்பத்திலேயே காட்டுங்கள்.

குடித்தவர்களில் பெரும்பாலோர் புகைப்பவர்கள். ஒப்பீட்டுக் குழுவில் புகைப்பவர்களே இல்லையென்றால் நீங்கள் அளப்பது மதுவையா நிகோட்டினையா என்று கேட்பார்கள். கல்லீரல் சுருக்கமும் தயமின் குறைவும் தனித்தனியாக மூளையைக் கெடுக்கும். மூன்றையும் கலந்து ‘குடிநோயாளிகள்’ என்று ஒரே பெட்டியில் போட்ட வங்கிக்கு மதிப்பில்லை. இறப்புக்கும் மூளையை எடுத்ததற்கும் இடைப்பட்ட மணிநேரம், திசுவின் காரகாடி (பி.எச்.) அளவு, ஆர்.என்.ஏ. தரம் மூன்றும் ஒவ்வொரு மூளைக்கும் பதிவாக வேண்டும். ஒரு பாதியை ஃபார்மலினில் இடுவார்கள், மறுபாதியை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமனில் அறுத்து -80 டிகிரியில் உறைய வைப்பார்கள்.

பட்ஜெட். வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சுருக்க பட்ஜெட் கிடையாது, வரி வரியாக டாலரில் எழுத வேண்டும். மறைமுகச் செலவுக்கு, அதாவது அலுவலகம், மின்சாரம் போன்ற பொதுச் செலவுக்கு, 8 விழுக்காடுதான் என்பது நெடுநாள் விதி. உங்கள் நிதி அலுவலகம் இதை ஒப்புக்கொள்ள மறுக்கும். கடைசி வாரத்தில் அந்தச் சண்டையைப் போடாதீர்கள், முதல் வாரத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். மானியம் வந்த பிறகு டாலர் மதிப்பு இறங்கினால் ஈடு கட்ட என்.ஐ.எச். கூடுதல் பணம் தராது. நிலம் வாங்கவோ கட்டடம் எழுப்பவோ முடியாது. திசு கேட்கும் ஆய்வகங்களிடம் வாங்கும் கட்டணம் விலை ஆகாது, செலவை ஈடுகட்டும் தொகை. அதைத் திட்ட வருமானமாகக் கணக்கில் காட்டியே ஆக வேண்டும்.

பத்துக் குடும்பம் சம்மதித்தால் பத்து மூளை கிடைக்கும் என்று கணக்குப் போடுவது அடுத்த பிழை. ஹெபடைட்டிஸ், எச்.ஐ.வி., தலைக்காயம், பக்கவாதம் என்று பிறகு தெரியவந்து சில விலகும். விலகியதற்கும் வண்டிக்கூலி, பிணவறைக் கட்டணம், நோய்க்குறியியல் மருத்துவரின் நேரம் எல்லாம் செலவானவைதான். அவற்றையும் எழுதுங்கள்.

உறைபெட்டியை மட்டும் கேட்டு, காவலைக் கேட்காமல் விடுவதுதான் மிகப் பெரிய பிழை. 2012-இல் அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் உள்ள ஹார்வர்டு மூளை வங்கியில் ஒரு உறைபெட்டி பழுதானது. வெளித்திரை -79 டிகிரி என்றே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு எச்சரிக்கை அமைப்புகளும் ஒலிக்கவில்லை. திறந்தபோது சுமார் 150 மூளைகள் உருகியிருந்தன. ஆட்டிசம் ஆய்வுக்கான மூளைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை ஒரே பெட்டியில் இருந்தன. எனவே பட்ஜெட்டில் இவை இருக்கட்டும்: பெட்டியின் சொந்தத் திரையை நம்பாத தனி வெப்பமானி, இரவில் ஆளை எழுப்பும் தொலைபேசி எச்சரிக்கை, எப்போதும் காலியாக ஓடும் ஒரு உபரிப் பெட்டி, மின்னாக்கி. ஒரே நபரின் திசுவை இரண்டு பெட்டிகளில் பிரித்து வையுங்கள், ஒரே வகை நோயாளிகள் அனைவரையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். அதற்குச் செலவில்லை, அடுக்கும் முறை மட்டும்தான்.

பணம் பற்றாதபோது மது நிறுவனங்களின் அறக்கட்டளை ஏதாவது உதவ முன்வரலாம். வாங்காதீர்கள். மிதமான குடி பற்றிய பத்துக் கோடி டாலர் ஆய்வு ஒன்றை என்.ஐ.எச். 2018-இல் பாதியில் மூடியது. மதுத் தொழிலிடமிருந்து அதற்குப் பணம் திரட்டப்பட்ட விதமே காரணம். உங்கள் வங்கியில் ஒரு டாலர் கலந்தாலும், அங்கிருந்து திசு வாங்கிய எல்லாக் கட்டுரையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

கடைசியாக, விண்ணப்பத்தில் பெரும்பாலும் ஒரு வரியோடு கடந்துபோகும் பகுதி: மானியம் நின்றால் திசு எங்கே போகும்? மானியம் ஐந்தாண்டுக்கு, மூளை அதைவிட நீண்ட காலத்துக்கு. எந்த நிறுவனம் ஏற்றுக்கொள்ளும், யார் கடிதம் கொடுத்திருக்கிறார்கள், மாற்றும் செலவு யாருடையது என்று எழுதுங்கள். அந்த மாற்றத்துக்கு வீட்டாரின் அனுமதி வேண்டும். ‘வேறு அங்கீகரிக்கப்பட்ட வங்கிக்கு மாற்றலாம்’ என்ற வரி இன்று ஒப்புதல் படிவத்தில் இல்லையென்றால், பத்தாண்டு கழித்துத் தொலைபேசி எண் மாறிப்போன அம்மாவைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அடுத்த குடும்பத்திடம் பேசுவதற்கு முன்பே படிவத்தைத் திருத்தி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள்.