போதிகை: தூண் தலையில் நீளும் கை

கோயில் தூணைப் பார்க்கும்போது நம் கண் பெரும்பாலும் இடுப்பளவிலேயே நின்றுவிடும். சிற்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் கலசம், தாடி, கும்பம், பாலி, பலகை, வீரகண்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக உறுப்புகள் ஏறிப்போகும். எல்லாவற்றுக்கும் மேலே, கூரையைத் தாங்கும் உத்தரத்துக்கு அடியில், இருபுறமும் கை நீட்டியபடி ஒரு கல். அதுதான் போதிகை. இந்தக் கூட்டத்தில் நிஜமாகவே உடம்பு வளைத்து வேலை செய்கிற ஆள் அதுதான்.

என்ன வேலை? கருங்கல்லை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது. அழுத்தத்தைத் தாங்குகிற வலுவில் பத்தில் ஒரு பங்குகூட இழுவையைத் தாங்குவதில் கிடையாது. இரண்டு தூண்களுக்கு மேல் ஓர் உத்தரத்தைக் கிடத்திக் கூரைப் பாரத்தை ஏற்றினால், அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நடுவில் தொய்யும். அப்போது மேல்பக்கம் நெருக்கப்படும், கீழ்ப்பக்கம் இழுபடும். கல் உத்தரத்தில் விரிசல் பெரும்பாலும் நடுப்பகுதியில், அடியிலிருந்து கிளம்புவது இதனால்தான். மரம் இழுவையைத் தாங்கும் என்பதால் மர உத்தரத்துக்கு இந்தக் கவலை குறைவு.

இந்த இழுவையின் தீவிரம் இடைவெளியின் வர்க்கத்துக்கு, அதாவது இடைவெளியை அதே எண்ணால் பெருக்கி வருவதற்கு ஏற்ப ஏறும். தூண்களுக்கு நடுவே 8 அடி என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் போதிகை ஒவ்வோர் அடி நீண்டால் உத்தரம் தாண்ட வேண்டியது 6 அடிதான். 64 இருந்த இடத்தில் 36: கிட்டத்தட்ட பாதி! இடைவெளியைக் கால் பங்கு குறைத்ததற்கு இவ்வளவு லாபம். போதாததற்கு, தூண் தலையில் சந்திக்கிற இரண்டு உத்தரங்களின் நுனிகளுக்கும் உட்கார அகலமான இடமும் கிடைக்கிறது. ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களை அவ்வளவு நெருக்கி நட்டதற்குப் பின்னாலும் இதே கணக்குதான் இருக்கிறது.

சரி, நீட்டிய கைக்கே வலிக்காதா? வலிக்கும். ஆனால் நுனியில் குறைவாக, தூணை ஒட்டிய இடத்தில் அதிகமாக. அதனால்தான் போதிகையின் அடிப்பக்கம் தூணருகே தடித்தும் நுனியில் மெலிந்தும் இருக்கிறது. வெட்டியெடுத்தது முழுக்கத் தேவையில்லாத கல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் நமக்குக் கிடைக்கும் பழைய கல் போதிகைகள் பல எந்த வேலையும் செய்யவில்லை. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் எடுத்தது என்று பெருமைப்படுகிறது. அங்கே தூண், போதிகை, உத்தரம், கூரை எல்லாமே ஒரே பாறை. தாங்கவும் ஆளில்லை, தாங்கப்படவும் ஆளில்லை. மரக் கட்டடத்தின் உருவத்தை நினைவில் வைத்துச் செதுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்புறம் கல்லைக் கல்மேல் அடுக்கிக் கற்றளிகள் (கற்கோயில்கள்) எழுப்பத் தொடங்கியபோது, சும்மா நின்றிருந்த போதிகைக்கு மறுபடி வேலை வந்தது. சுவரில் ஒட்டியிருக்கும் அரைத்தூண்களின் போதிகை மட்டும் இன்னும் பாதி நடிப்புதான். அங்கே பாரத்தைச் சுமப்பது சுவர்.

கை நீண்டிருக்கும்வரை அதன் அடியை எப்படிச் செதுக்கினாலும் பெரிய மோசமில்லை. அந்தச் சுதந்திரத்தில்தான் காலத்துக்கொரு பாணி பிறந்தது. பல்லவர் போதிகையில் அலை அலையாகச் சுருள்கள். பெயரும் தரங்கப் போதிகை, தரங்கம் என்றால் அலை. சோழர் காலத்தில் சாய்வாக வெட்டி நடுவில் ஒரு துண்டு நீட்டிய வெட்டுப் போதிகை பரவியது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் நுனியில் பூ தொங்கியது, முற்றிய வடிவில் வாழைப்பூவே தொங்கியது. ஆய்வாளர்கள் போதிகையைப் பார்த்துக் கட்டடத்தின் காலத்தை மதிப்பிடுவது இதை வைத்துத்தான். ஆனால் அதை மட்டும் நம்பினால் ஏமாறவும் வாய்ப்புண்டு. இடிந்த மண்டபத்தின் தூண்களைக் கொண்டுபோய் வேறு மண்டபத்தில் நடுவது நம் ஊரில் புதிதல்ல.

இன்று கான்கிரீட்டில் மண்டபம் கட்டும்போது உத்தரத்தின் அடியில் இரும்புக் கம்பி ஓடுகிறது. இழுவையை அது பார்த்துக்கொள்கிறது. தூண் தலையில் சிமென்ட்டில் வாழைப்பூ வைத்து, பச்சையும் சிவப்புமாக வண்ணம் அடிக்கிறார்கள். மண்டகப்பட்டுப் போதிகை மாதிரி, அதற்கும் ஓய்வுதான்.