புதுக் கிளட்ச் போட்ட பின்னும் கியர் விழவில்லையா? கியர் பொக்ஸை மறுபடி இறக்குமுன் பார்க்க வேண்டியவை

சோளக மாதங்களில் திருகோணமலைக் கடல் அடங்கியிருக்கும். மீன் ஏற்றும் கெப் வாகனங்களுக்கு ஓய்வே இராது. அப்படியொரு நாளில் குச்சவெளியிலிருந்து ஒரு டீசல் கெப்பைக் கயிறு கட்டி எங்கள் கராஜுக்கு இழுத்து வந்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்னர் வேறோரிடத்தில் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்ததும் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பெயரிங் மூன்றும் புதிதாக மாற்றப்பட்டிருந்தன. ஆறு நாள் குறையின்றி ஓடிய வண்டி, ஏழாம் நாள் விடியற்காலையில் ஐஸ் பெட்டிகள் நிறைந்திருந்த நேரத்தில், ரிவேர்ஸ் கியரை ஏற்காமல் பல்லை நறநறவென்று கடித்திருக்கிறது. "தம்பி, போலிச் சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்றார் உரிமையாளர். முன் ஆசனத்தில் இரண்டாவது கிளட்ச் செட் ஒன்றை வாங்கி, பெட்டியையும் பிரித்து வைத்திருந்தார்.

போலிச் சாமான் சந்தையில் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புதிய கிளட்ச் பொருத்திய சில நாட்களில் கியர் விழாமற் போனால், நான் முதலில் சந்தேகிப்பது மாற்றிய சாமானையல்ல, மாற்றாமல் விட்ட சாமானையே.

வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, கராஜ் பையனைப் பெடலை முழுவதும் மிதிக்கச் சொன்னேன். கியர் பொக்ஸின் பக்கத்தில் பிரேக் ஒயிலின் அழுத்தத்தால் இயங்கும் சிலேவ் சிலிண்டரின் தண்டு, ரிலீஸ் பெயரிங்கை நகர்த்தும் நெம்புகோலான போர்க்கை 6 மில்லிமீற்றரளவே தள்ளியது. நாலைந்து முறை தொடர்ந்து மிதிக்க வைத்தபோது சற்றுக் கூடுதலாக நகர்ந்தது. அதன் முனையிலிருந்த தூசி ரப்பரைப் பின்னுக்கு இழுத்ததும், தேயிலைச் சாயம் போன்ற பிரேக் ஒயில் என் மணிக்கட்டில் வழிந்தது. சிலிண்டரைக் கழற்றி உட்சுவரை விரலால் தடவிப் பார்த்தால், வாய்ப்பக்கத்தில் ஒரு துருவளையம் மணற்கடதாசிபோல் உரசியது.

கிளட்ச் பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட், எஞ்சினோடு சுழலும் பிளைவீலை நெருங்கும். அதன் உலோக விரல்கள் கியர் பொக்ஸ் பக்கமாக எழும். அவை ரிலீஸ் பெயரிங்கையும் போர்க்கையும் தள்ளுவதால், சிலேவ் சிலிண்டரின் பிஸ்டன் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே போய், அந்தச் சிறு பகுதியிலேயே ஓடிப் பழகிவிடும். தடித்த புதிய பிளேட் வந்ததும் விரல்கள் முன்னைய இடத்துக்குத் திரும்ப, பிஸ்டன் வெளிப்பக்கமாக நகர்ந்து, இவ்வளவு காலமும் ஈரமும் உப்புக்காற்றும் அரித்துவைத்த சுவரின்மீது ஓடத் தொடங்கும். பழைய ரப்பர் சீல் அந்தத் துருவில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் படகு இறக்கவும் ஏற்றவும் பின்சில்லு நனையக் கடலுக்குள் போகும் வண்டிகளில் இது இன்னும் விரைவாக நடக்கும். பிரேக் ஒயிலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுவது நல்லது.

புதிய சிலிண்டரைப் பொருத்தி, காற்றை வெளியேற்றியதும் தண்டு 14 மில்லிமீற்றர் நகர்ந்தது. கியர் பொக்ஸில் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை.

வாகனம் வைத்திருப்பவர்கள் தாமே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போது இலகுவாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் விழாவிட்டால், மிதித்தும் கிளட்ச் எஞ்சினிலிருந்து முழுமையாக விடுபடவில்லை என்று கொள்ளலாம். பெடலைப் பலமுறை மிதித்த பின் நிலைமை சற்றுத் தேறினால், ஒயில் குழாயில் காற்றோ ஒயில் கசிவோ இருக்கிறது. கசிவு, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலும் இருக்கலாம் என்பதால் பெடலுக்கு மேலேயும் காலடி விரிப்புப் பக்கமும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிலேவ் சிலிண்டரின் தண்டு முழுத் தூரமும் நகர்ந்தும் கியர் கடித்தால், அப்போதுதான் கியர் பொக்ஸை இறக்க வேண்டும். பிளேட் திசை மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். பிளேட் கோர்த்திருக்கும் கியர் பொக்ஸ் தண்டின் பற்களில் துரு இருந்து, பிளேட் முன்பின் நகராமல் நிற்கலாம். அந்தத் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பெயரிங் இறுகியிருக்கலாம். பிளேட் வளைந்திருக்கவும் கூடும். அதற்கு நானே சாட்சி. தொழில் பழகிய நாளில், கியர் பொக்ஸைப் பாதி ஏற்றிய நிலையில், ஜாக்கால் தாங்காமல், அதன் பாரம் முழுவதும் பிளேட்டின் நடுவில் தொங்க விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பூட்டி முடித்த கிளட்ச் விடுபடவேயில்லை. புத்தம் புதிய பிளேட் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்திருந்தது. அன்று வாங்கிய ஏச்சு இன்றும் காதில் இருக்கிறது.

வழுக்குதல் வேறு கதை. கண்டி வீதியில் கந்தளாய்ப் பக்கமாக நாலாம் கியரில் போகும்போது அக்சிலேட்டரை அழுத்தினால், எஞ்சின் இரைச்சல் கூடி வேகம் கூடாதிருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினின் பின் சீலோ கியர் பொக்ஸின் முன் சீலோ கசிந்து புதிய பிளேட்டை நனைத்திருக்கும். சிலவேளை, அளவுக்கு மிஞ்சி வைத்த கிரீஸே சிதறியிருக்கும். வண்டி சூடேறிய பின்னர்தான் வழுக்குகிறதென்றால், பெடலில் பிரீ பிளே, அதாவது தொடக்கத்தில் எதிர்ப்பின்றி நகரும் சிறு தூரம், இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். சிறிதும் இல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒயில் திரும்பும் துவாரம் அடைபட்டு, சூட்டில் விரிந்த ஒயில் கிளட்சைப் பாதி மிதித்த நிலையில் பிடித்து வைத்திருக்கக்கூடும். பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் தண்டை வாகனக் கையேட்டிலுள்ள அளவுக்குச் சரிசெய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கோணேசர் கோயிலுக்கு ஏறும் கோட்டைச் சரிவில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி உதறினால், லேத்தில் சீவாத பிளைவீலையும் எஞ்சின் மவுண்ட் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். பெடலை மிதித்தால் எழும் சத்தம் ரிலீஸ் பெயரிங்கையும், மிதித்தால் மறையும் சத்தம் பெரும்பாலும் கியர் பொக்ஸ் பெயரிங்கையும் காட்டும்.

புதிய பிளேட் பிளைவீலோடு படிந்து வர முதல் சில நூறு கிலோமீற்றர் ஆகும். அதுவரை முழுப் பாரத்தோடு தம்புள்ளைக்கு ஓடாதீர்கள். மணலில் படகும் இழுக்காதீர்கள்.

குச்சவெளிக்காரர் இரண்டாவது செட்டைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். பெட்டியைப் பிரித்திருந்ததால் ஏற்கவில்லை. அது இன்னும் அவர் வீட்டு மீன்வலைகளுக்கு மேலே கிடக்கிறது.