கதவடியில் ஒரு செங்கல் ஓட்டை

ஹாலில் ஏ.சி. உள்ள சென்னை வீட்டுக்கு வாசற்கதவு பார்க்கப் போனால், "பலகை எத்தனை மில்லி?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது கதவடி இடுக்கு.

மூன்றடி அகலக் கதவுக்கும் தரைக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி இருந்தால், மொத்தம் 91 சதுர செ.மீ. திறப்பு. செங்கல்லின் சின்ன முகம் கிட்டத்தட்ட அந்த அளவுதான். சுவரில் அப்படியொரு கல் விழுந்தால் அன்றைக்கே அடைத்துவிடுவோம். கதவடியில் இருப்பதை ஆண்டுக்கணக்கில் கவனிப்பதில்லை.

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக, அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று நுழைகிறது. வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு. உள்ளே 25 டிகிரி, 50 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நுழைகிற ஒவ்வொரு கிலோ காற்றையும் குளிர வைக்க சுமார் 7 கிலோஜூல் வெப்பத்தை ஏ.சி. நீக்கினால் போதும். ஆனால் அந்தக் காற்றோடு 11 கிராம் நீராவியும் கூடுதலாக வருகிறதே! அதைத் தண்ணீராக்க இன்னும் 27 கிலோஜூல். சூட்டைவிட ஈரம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு சுமை. கடலோர ஊர்களில் பலகையின் கனத்தைவிட இடுக்கை நான் பெரிதாக நினைப்பது இதனால்தான்.

பலகையைப் பொறுத்தவரை, மரம் இயல்பிலேயே வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். இரும்பு அதைப்போல் இருநூறு மடங்குக்கு மேல் கடத்தும். ஆகவே இரும்புக் கதவு வாங்கினால் உள்ளே பாலியூரித்தேன் நுரை நிரப்பியதா என்று கேளுங்கள். மேற்கு வாசலுக்கு வெளிர் நிறமும் மேலே ஒரு சன்ஷேடும் வேண்டும்.

மரக்கதவுக்கு வேறொரு சிக்கல் உண்டு. மேற்குப் பார்த்த எங்கள் வீட்டுக் கதவு ஐப்பசி மழையில் உப்பி, நிலையில் இறுகிக்கொண்டது. ஆசாரி ஓரத்தை இழைத்துவிட்டுப் போனார். சித்திரையில் பார்த்தால் அதே ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக நுழைந்தது. மரம் நீளவாக்கில் அசைவதேயில்லை என்று சொல்லலாம். ஈரத்துக்கு உப்புவதும் காய்ந்தால் சுருங்குவதும் அகலவாக்கில்தான். கதவின் மேல், கீழ் விளிம்புகளுக்கு வார்னிஷ் அடிக்காமல் விட்டிருந்தார்கள். ஈரம் அந்த வழியாகவும் ஏறியிருக்கிறது. புதுக் கதவை மாட்டும் முன்பே அந்த விளிம்புகளுக்கும் அடித்துவிடச் சொல்லுங்கள்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, வெளியே ஒருவரை டார்ச் அடிக்கச் சொன்னால் ஒளிக்கீற்று தெரியும் இடமெல்லாம் ஓட்டை. நிலையைச் சுற்றி ரப்பர் பீடிங்கும் கதவடியில் பிரஷ் பட்டையும் பொருத்தலாம். பிறகு கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால், அங்குள்ள காற்றுவழியை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.