அக்கம்பக்கத்தார் கையெழுத்து வேண்டுமா? அமெரிக்க நகர மன்றங்களும் குழு இல்ல விதிகளும்

டெக்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த் நகருக்குத் தெற்கே கிளீபர்ன் என்றோர் ஊர் உள்ளது. 1980 ஜூலையில் அவ்வூரின் ஃபெதர்ஸ்டன் தெருவில் 201ஆம் எண் கட்டடத்தை ஒருவர் விலைக்கு வாங்கினார். நான்கு படுக்கையறைகள், இரண்டு குளியலறைகள். கூடுதலாக ஒரு கழிவறை கட்டிக்கொள்வதாக ஏற்பாடு. அறிவுசார் குறைபாடு உள்ள 13 ஆண்களும் பெண்களும், இரவும் பகலும் பணியாளர் மேற்பார்வையில், அங்கே சேர்ந்து வாழும்படி அதை வாடகைக்கு விடுவது நோக்கம். நகராட்சியோ அந்த வீட்டை 'அறிவு மந்தமானோருக்கான மருத்துவமனை' என்ற வகையில் சேர்த்துச் சிறப்பு அனுமதி கேட்டது. அந்த அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதோடு, 200 அடி தூரத்துக்குள் சொத்து வைத்திருப்போரின் கையெழுத்தையும் விண்ணப்பதாரர் வாங்கி வர வேண்டும் என்றும் விதி இருந்தது. பொது விசாரணை நடந்தது. நகர மன்றம் மூன்றுக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதியை மறுத்தது.

இன்றும் அமெரிக்காவில் ஏதாவது ஒரு நகர மன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் இதே வகையான பொருள் இடம்பெற்றுக்கொண்டுதான் இருக்கிறது. குழு இல்லங்களை எந்தத் தெருவில் அனுமதிக்கலாம், ஒரு வீட்டில் எத்தனை பேர் தங்கலாம், ஓர் இல்லத்துக்கும் இன்னொன்றுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று விதி செய்ய மன்றங்கள் முனைகின்றன. அவ்வாறு விதி செய்யும் அதிகாரம் அவற்றுக்கு எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

குழு இல்லம் என்பது உடல், மன அல்லது அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோ, துணை தேவைப்படும் முதியவர்களோ, குடியிலிருந்தும் போதைப்பழக்கத்திலிருந்தும் மீண்டு வருபவர்களோ ஒரே வீட்டில் ஒரு குடும்பத்தைப் போலச் சமைத்து உண்டு வாழும் இடமாகும். பெரிய அரசு மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் ஆயுள் முழுவதும் அடைத்து வைப்பதை விட்டு, ஊருக்குள் வாழவைக்க வேண்டும் என்ற கொள்கை மாற்றத்தின் விளைவாக இவை பெருகின. மருத்துவர்கள் தகுதியென்று கூறி, அந்த நபரும் மறுக்காமல், வசதியும் இருக்கும்போது ஒருவரைக் காரணமின்றி நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருப்பது பாகுபாடு என்று 1999இல் ஜார்ஜியா மாநில வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. ஊருக்குள் வாழ வேண்டும் என்றால் ஊருக்குள் வீடு வேண்டும். வீடு என்று வந்தவுடன் 'சோனிங்' எனப்படும் நிலப் பயன்பாட்டு மண்டல விதி குறுக்கே வருகிறது.

ஊரை மண்டலங்களாகப் பிரித்து, இங்கே குடியிருப்பு, அங்கே கடை, அதற்கப்பால் தொழிற்சாலை என்று வரையறுக்கும் அதிகாரத்தை 1926இல் ஒஹையோ மாநிலத்து யூக்ளிட் கிராம வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதில் தனிக்குடும்ப வீடுகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட மண்டலம்தான் இங்கே நமக்கு முக்கியம். ஏனெனில் தனிக்குடும்பம் என்று எழுதியவுடன் குடும்பம் என்றால் யார் என்றும் எழுதியாக வேண்டியிருக்கிறது. நகர மன்றங்கள் எழுதவும் செய்தன. இரத்தம், திருமணம், தத்து ஆகியவற்றால் உறவுடையோர் எத்தனை பேரானாலும் குடும்பம். உறவில்லாதோர் என்றால் இரண்டு பேர், மூன்று பேர், ஐந்து பேர் வரைதான் என்று ஊருக்கு ஊர் எண் மாறும். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள பெல் டெர் என்ற கிராமம் அந்த எண்ணை இரண்டாக வைத்திருந்தது. அருகிலுள்ள ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்ததால் எழுந்த வழக்கில், 1974இல் உச்ச நீதிமன்றம் கிராமத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. மேற்படிப்புக்குச் சென்று நான்கைந்து பேராக வீடு எடுத்துத் தங்கும் நம் மாணவர்களும் இந்த எண்ணுக்கு உட்பட்டவர்களே. அவர்களுக்குக் கீழே சொல்லப்போகும் மாற்றுத்திறனாளிப் பாதுகாப்பு இல்லை என்பதையும் இங்கேயே குறித்துவிடலாம்.

உறவுடையோரிலும் யார் யார் சேர்ந்திருக்கலாம் என்று வெட்டிப் பிரிக்க முயன்ற ஊர் ஒன்று உண்டு. ஒஹையோவின் ஈஸ்ட் கிளீவ்லண்டில் ஐனெஸ் மூர் என்ற பாட்டி, தம் மகன் ஒருவருடனும் இரண்டு பேரன்களுடனும் வாழ்ந்துவந்தார். பேரன்கள் இருவரும் இரு வேறு மகன்களின் பிள்ளைகள். ஒருவன் தாயை இழந்து பாட்டியிடம் வந்து சேர்ந்தவன். நம் உறவுமுறையில் அவர்கள் அண்ணன் தம்பிதான். நகராட்சி விதியிலோ அத்தகைய கூட்டு 'குடும்பம்' ஆகவில்லை. தாயில்லாப் பிள்ளையைச் சட்டவிரோதக் குடியிருப்பாளன் என்று நகராட்சி அறிவித்தது. அவனை வெளியேற்ற மறுத்த பாட்டிக்கு ஐந்து நாள் சிறையும் 25 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1977இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில்தான்.

மீண்டும் கிளீபர்னுக்கு வருவோம். அதே மண்டலத்தில் விடுதிகளுக்கும், கல்லூரி மாணவர் சங்க இல்லங்களுக்கும், பொது மருத்துவமனைகளுக்கும், முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் சிறப்பு அனுமதி தேவைப்படவில்லை. ஆகவே இந்த வீட்டை மட்டும் தனித்து நிறுத்தியதற்கு நகராட்சி சொன்ன காரணங்களை 1985இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. எதிரே உள்ள பள்ளியின் மாணவர்கள் இல்லவாசிகளைக் கேலி செய்யக்கூடும் என்று ஒரு காரணம். அதே பள்ளியில் அறிவுசார் குறைபாடு உள்ள ஏறத்தாழ 30 மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தனர். ஐந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளம் வரக்கூடிய நிலம் என்று இன்னொரு காரணம். வெள்ளம் வந்தால் மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் வராதா என்பதற்குப் பதில் இல்லை. எஞ்சியது அக்கம்பக்கத்தாரின் அச்சமும் வெறுப்பும் மட்டுமே. அவற்றை ஒரு நகராட்சி தன் முடிவுக்கு அடிப்படையாகக் கொள்ள முடியாது என்று கூறி, இந்த வீட்டுக்குச் சிறப்பு அனுமதி கேட்டதே செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசமைப்பின் கீழ் தனிக் கூடுதல் பாதுகாப்பு உண்டு என்று அது சொல்ல மறுத்துவிட்டது.

அந்தக் குறையை நிரப்பியது நாடாளுமன்றம். இனம், மதம் முதலியவற்றின் பேரில் வீடு மறுப்பதைத் தடுக்க 1968இல் இயற்றப்பட்ட நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில் 1988இல் திருத்தம் கொண்டுவந்து, உடல் மற்றும் மனக் குறைபாட்டையும் சேர்த்தார்கள். 1989 மார்ச்சில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டுமன்றி மண்டல விதி இயற்றும் நகர மன்றத்துக்கும் இச்சட்டம் பொருந்தும் என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. குடி, போதைப்பழக்கத்திலிருந்து மீண்டு வருவோரும் இப்பாதுகாப்புக்குள் அடங்குவர். தற்போது சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவர் அந்தக் காரணத்தால் பாதுகாப்புப் பெற முடியாது. பிறர் உயிருக்கோ உடைமைக்கோ நேரடி ஆபத்தாக இருப்பவருக்கு வீடு தரச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த ஆபத்து குறிப்பிட்ட ஒருவரின் நடத்தையைக் கொண்டு நிறுவப்பட வேண்டும். 'இப்படிப்பட்டவர்கள் ஆபத்தானவர்கள்' என்ற பொதுப்பேச்சு போதாது.

இச்சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: ஒரு குடியிருப்பில் உச்சமாக எத்தனை பேர் தங்கலாம் என்ற நியாயமான உள்ளூர்க் கட்டுப்பாட்டை அது தொடாது. வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரம் அந்த விலக்கைத் துணைக்கு அழைத்தது. மதுவிலிருந்தும் போதையிலிருந்தும் மீண்டவர்கள் தாங்களே வாடகை பகிர்ந்து, தாங்களே வாக்களித்து நடத்தும் 'ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ்' வகை இல்லம் ஒன்றில் 10 முதல் 12 பேர் இருந்தனர். நகர விதியோ உறவில்லாதோர் ஐவருக்கு மேல் கூடாது என்றது. 1995இல் உச்ச நீதிமன்றம் ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சுட்டியது: இத்தனை சதுர அடிக்கு இத்தனை பேர் என்று அனைவருக்கும் பொதுவாக வைப்பது நெரிசலைத் தடுக்கும் கட்டுப்பாடு, அதற்கு விலக்கு உண்டு; உறவினர் என்றால் கணக்கில்லை, உறவில்லாதவர் என்றால் ஐந்து என்பது யார் குடும்பம் என்று சொல்லும் விதி, அதற்கு விலக்கு இல்லை. பாகுபாடு நடந்ததா என்று அன்று நீதிமன்றம் முடிவு சொல்லவில்லை. விதியைச் சட்டத்தின் முன் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்றே சொன்னது. என் பார்வையில், நகர மன்ற உறுப்பினர் ஒருவர் படிக்க வேண்டிய தீர்ப்பு ஒன்றே ஒன்றென்றால் அது இதுதான்.

ஆகவே மன்றம் செய்யக்கூடியது எதுவும் இல்லையா என்றால், நிறையவே உள்ளது. பரப்பளவுக்கேற்ற ஆள் எண்ணிக்கை, தீ பாதுகாப்பு, வண்டி நிறுத்தம், இரைச்சல், குப்பை ஆகியவற்றுக்கு எல்லா வீடுகளுக்கும் பொருந்தும்படி விதி வைத்து, எல்லோரிடமும் ஒரே அளவில் அமல்படுத்தலாம். தெருவிலுள்ள ஆறு பேர் கொண்ட குடும்பத்திடம் கேட்காத ஆவணத்தைக் குழு இல்லத்திடம் மட்டும் கேட்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இடைவெளி விதிகளில் நீதிமன்றங்களே ஒன்றுபட்டு நிற்கவில்லை. ஒரே தெருவில் இல்லங்கள் குவிந்தால் பழைய காப்பகமே வேறு உருவில் திரும்பி வந்ததாகிவிடும் என்பது இவ்விதிகளை ஆதரிப்போரின் வாதம். கால் மைல் இடைவெளி வேண்டும் என்ற மினசோட்டா விதியை 1991இல் எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (சில மாநிலங்களைச் சேர்த்து ஒரு வட்டமாக்கி, உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த நிலையில் இயங்கும் மத்திய நீதிமன்றம்) ஏற்றது. 1,500 அடி இடைவெளி வேண்டும் என்ற மிச்சிகன் விதியையும், அக்கம்பக்கத்தாருக்கு முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற நிபந்தனையையும் 1996இல் ஆறாம் வட்ட நீதிமன்றம் தள்ளியது. இத்தகைய கட்டுப்பாடுகள் பொதுவாகச் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்று மத்திய அரசின் நீதி அமைச்சகமும் வீட்டுவசதித் துறையும் 1999இல் கூட்டாக விளக்கம் வெளியிட்டன.

மாநிலச் சட்டங்களும் மன்றத்தின் கையைக் கட்டுகின்றன. கலிஃபோர்னியாவில் மாநில உரிமம் பெற்று ஆறு பேர் அல்லது அதற்குக் குறைவானோரை வைத்துப் பராமரிக்கும் இல்லத்தை ஒரு குடும்பமாகவே கருத வேண்டும்; தனி அனுமதி கேட்கக் கூடாது. சிகிச்சை அளிக்காமல், மதுவின்றி வாழ்வதற்கு மட்டும் ஏற்படுத்தப்பட்ட இல்லங்களுக்கு அங்கே உரிமமே தேவையில்லாததால் அவை இந்த ஏற்பாட்டுக்குள் வருவதில்லை. அம்மாநிலத்துக் கடலோர நகரங்களில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இவற்றைப் பற்றியவையே. உறவைக் கொண்டு ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதையே ஐயோவா 2017இலும், வாஷிங்டனும் ஓரிகனும் 2021இலும், கொலராடோ 2024இலும் சட்டம் இயற்றித் தடுத்துவிட்டன. பெல் டெர் தீர்ப்பு இன்றும் நிற்கிறது; அதைப் பயன்படுத்தும் வழி மாநிலம் மாநிலமாக அடைபட்டு வருகிறது.

இல்லம் நடத்துவோரும் அங்கே வாழ்வோரும் அறிந்திருக்க வேண்டிய உரிமை 'நியாயமான விதித்தளர்வு' என்பது. ஊர் விதி ஆறு பேர் என்கிறது, இல்லத்துக்கு எட்டுப் பேர் தேவை என்று வைத்துக்கொள்வோம். விதி பொதுவானதாகவும் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். ஆயினும் குறைபாடு உள்ளவர்கள் மற்றவர்களைப் போல ஒரு வீட்டில் வாழ அந்த எண் தடையாக இருந்தால், தளர்த்தும்படி கேட்கலாம். வாய்மொழியாகவும் கேட்கலாம், எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்வதே நல்லது. அளவு மீறிய செலவோ நிர்வாகச் சுமையோ ஏற்படும், அல்லது மண்டல ஏற்பாட்டின் அடிப்படையே மாறிப்போகும் என்று காட்ட முடிந்தால் மட்டுமே நகராட்சி மறுக்கலாம். பதில் சொல்லாமல் மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும் மறுப்பாகவே கொள்ளப்படக்கூடும்.

விதி முன்மொழியப்படும்போது வழக்கமாக அது முதலில் நகரின் நிலப் பயன்பாட்டைப் பரிசீலிக்கும் திட்டக் குழுவுக்கும், பின்னர் அறிவிப்புடன் கூடிய பொது விசாரணைக்கும், கடைசியில் மன்ற வாக்கெடுப்புக்கும் செல்கிறது. விசாரணையில் யார் வேண்டுமானாலும் ஒலிவாங்கி முன் நின்று பேசலாம். பல ஊர்களில் தலைக்கு மூன்று நிமிடம். அங்கே பேசப்படுவது காற்றோடு போவதில்லை. கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரம் 2008இல் கொண்டுவந்த விதி பார்வைக்கு நடுநிலையான சொற்களால் எழுதப்பட்டிருந்தது. மீண்டு வருவோரின் இல்லங்களை விரட்டும் நோக்கம் அதன் பின்னால் இருந்ததா என்பதை விசாரித்தே ஆக வேண்டும் என்று 2013இல் ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியபோது, அந்த விதி எப்படிப் பிறந்தது என்ற பதிவுகளும் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன. 'எங்கள் தெருவில் வேண்டாம்' என்று உரக்கச் சொல்பவர் பிற்பாடு தம் ஊருக்கு எதிரான சாட்சியத்தையே எழுதித் தருகிறார் என்பதை நகராட்சி வழக்கறிஞர்கள் நன்கு அறிவார்கள்.

பாதிக்கப்பட்டவர் ஓர் ஆண்டுக்குள் மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறையிடம் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம். மண்டல விதி பற்றிய புகார் என்றால் அத்துறை அதை நீதி அமைச்சகத்துக்கு அனுப்பிவிடும். புகாருக்குக் காத்திராமல் நேரே நீதிமன்றம் செல்ல விரும்பினால் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.