கண் திறக்கும் முன்பே பார்க்கப் பழகும் மூளை

கருவில் இருக்கும் பூனைக்குட்டி எதையும் பார்த்ததில்லை. ஒளியை உணரும் கோல் செல்களும் கூம்பு செல்களும் அதன் விழித்திரையில் இன்னும் வேலைக்குத் தயாராகவில்லை. பிறந்து ஒரு வாரம் கழித்துத்தான் இமையே திறக்கும். ஆனால் அது பிறக்கும்போதே மூளைக்குள் ஒரு பெரிய வேலை ஏறக்குறைய முடிந்திருக்கிறது. கண்ணிலிருந்து வரும் செய்திகளைப் பெற்று, பார்வையைக் கவனிக்கும் மூளை மேலடுக்கான பார்வைப் புறணிக்கு அனுப்பும் நிலையம் ஒன்று மூளையின் நடுவே உள்ள தலாமஸில் உண்டு. சுருக்கமாக எல்ஜிஎன் என்பார்கள். அதில் இடக்கண்ணின் நரம்பிழைகளுக்கு ஓர் அடுக்கு, வலக்கண்ணுக்கு அதையொட்டி இன்னோர் அடுக்கு. ஒன்றின் எல்லைக்குள் மற்றது நுழைவதில்லை.

இந்த ஒழுங்கு ஆரம்பத்தில் கிடையாது. பிறப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு பார்த்தால், இரு கண்களின் இழைகளும் ஒரே இடத்தில் பின்னிக் கிடக்கும். பிறகு மெல்ல மெல்லப் பிரிகின்றன. வெளிச்சமே இல்லாத இடத்தில், எந்த இழை எந்தக் கண்ணுடையது என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது? கார்லா ஷாட்ஸ் என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்த ஆய்வுகள் ஏறத்தாழ எல்லாமே இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவை.

வேதியியல் படித்துவிட்டு நரம்பியலுக்கு வந்தவர் அவர். ஹார்வர்டில் அவருக்கு வழிகாட்டியவர்கள் டேவிட் ஹூபெலும் டார்ஸ்டன் வீசலும். 1976இல் ஹார்வர்டில் நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஷாட்ஸ்தான். ஆசிரியர்கள் இருவரும் 1960களிலேயே ஒரு முக்கியமான சோதனையைச் செய்திருந்தார்கள். பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களுக்குள் மூடி வைத்துப் பிறகு திறந்தால், கண்ணில் கோளாறு இருக்காது. ஆனால் அந்தக் கண்ணுக்கு மூளைப் புறணியில் இடமும் இருக்காது. திறந்திருந்த கண் அதையும் பிடித்துக்கொண்டிருக்கும். வளர்ந்த பூனைக்கு இதையே செய்தால் ஒன்றும் ஆவதில்லை. பிறவிக் கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்கு அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது என்று கண் மருத்துவர்கள் பதறுவதன் பின்னால் இருப்பது இந்தக் கண்டுபிடிப்புதான். ஹூபெலுக்கும் வீசலுக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஷாட்ஸ் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது சயாமீஸ் பூனை. நிறமியை உண்டாக்கும் மரபணுவில் உள்ள பிழையால், அதன் கண்ணிலிருந்து வரும் இழைகளில் பல மூளையின் தவறான பக்கத்துக்குப் போய்விடும். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கம்பிகள் அந்தத் தவறுக்கு ஏற்ப வேறு இடங்களில் அமைந்திருப்பதை ஷாட்ஸ் கண்டார். அப்படியானால் இணைப்பின் ஒவ்வொரு முடிச்சையும் மரபணு முன்கூட்டியே போட்டு வைப்பதில்லை. என்ன வந்து சேர்கிறதோ அதைப் பார்த்து மூளை தன்னைத் திருத்திக்கொள்கிறது.

1978இல் ஸ்டான்ஃபோர்டில் சொந்த ஆய்வகம் அமைத்தபின் அவர் கருவின் பக்கம் திரும்பினார். மைக்கேல் ஸ்ட்ரைக்கரோடு சேர்ந்து 1988இல் வெளியிட்ட சோதனை துணிச்சலானது. பேத்தை மீனில் இருக்கும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு, நரம்பு செல்லின் மின்துடிப்பை நிறுத்திவிடும். அதைப் பிறக்காத பூனைக்குட்டியின் மூளைக்குள் சிறு பம்பு மூலம் தொடர்ந்து செலுத்தினார்கள். அடுக்குகள் பிரியவில்லை, இழைகள் கலந்தபடியே கிடந்தன. ஆக, பிரிவதற்கு மின்துடிப்பு தேவை. ஆனால் இருட்டில் கிடக்கும் கண்ணுக்குள் என்ன துடிப்பு இருக்க முடியும்?

அதே 1988இல் இத்தாலியில் லூசியா கல்லியும் லம்பெர்ட்டோ மாஃபெயும் எலிக் கருவின் விழித்திரை செல்கள் தாமாகவே துடிப்பதைப் பதிவு செய்தார்கள். அருகருகே உள்ள செல்கள் ஒன்றாகத் துடிப்பதுபோலவும் தெரிந்தது. முழுப் படமும் 1991இல் கிடைத்தது. மார்க்கஸ் மைஸ்டர், ரேச்சல் வாங், டெனிஸ் பேய்லர், ஷாட்ஸ் நால்வரும் ஃபெரெட்டின் விழித்திரையை 61 மின்முனைகள் கொண்ட தட்டின் மேல் வைத்துக் கவனித்தார்கள். ஃபெரெட் கீரியின் சாயலில் இருக்கும் வளர்ப்பு விலங்கு. பூனை வயிற்றுக்குள் முடித்துவிடும் வளர்ச்சியை இது பிறந்த பிறகுதான் செய்கிறது. கண் திறக்கவே ஒரு மாதம் ஆகும். ஆய்வாளருக்கு இதைவிட வசதியான விலங்கு கிடைப்பது அரிது.

தட்டில் தெரிந்தது அலை. எங்கோ ஓர் இடத்தில் சில செல்கள் சில விநாடிகள் படபடவென்று துடிக்கும். பக்கத்துச் செல்கள் அதைத் தொடரும். விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற ஆமை வேகத்தில் துடிப்பு விழித்திரையின் மேல் பரவி ஓய்ந்துவிடும். ஒன்றிரண்டு நிமிடம் அமைதி. பிறகு வேறோர் இடத்தில், வேறொரு திசையில் இன்னோர் அலை. ஷாட்ஸின் ஆய்வகத்தில் மார்லா ஃபெல்லர் 1996இல் இதன் இயக்கத்தைக் காட்டினார். ஆரம்ப வாரங்களில் அலையைக் கடத்துவது, செல்லிலிருந்து செல்லுக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். துடித்து முடித்த பகுதி சற்று நேரம் மறுபடி துடிக்காது. அதனால் அடுத்த அலைக்கு அங்கே வழி அடைபடுகிறது. அலைகள் ஒரே தடத்தில் போகாமல் முறை வைத்து விழித்திரை முழுவதையும் தொட்டுவிடுவது இதனால்தான்.

இந்த அலை மூளைக்கு என்ன சொல்கிறது? இருட்டான மைதானத்தில் இரண்டு கும்மிக் குழுக்கள் தனித்தனியாகக் கொட்டுகின்றன என்று வையுங்கள். ஆள் தெரியாவிட்டாலும், எந்தக் கை எந்தக் குழுவுடையது என்பதைத் தாளத்தை வைத்தே சொல்லிவிடலாம். எல்ஜிஎன் செல் செய்வதும் அதுதான். தொடக்கத்தில் ஒரே செல்லுக்கு இரு கண்களிலிருந்தும் பல இழைகள் வந்து சேர்கின்றன. ஒரே கண்ணில் அடுத்தடுத்து இருக்கும் செல்கள் ஒரே அலையில் மாட்டுவதால் சேர்ந்து துடிக்கும். மற்றக் கண்ணின் அலை வேறு நேரத்தில் வரும். சேர்ந்து வந்து தட்டும் இழைகளின் இணைப்பு வலுக்கிறது. தனியே தட்டுவது தளர்ந்து, கடைசியில் விலகுகிறது. கனடா உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949இல் முன்வைத்த கருத்தின் வழியில் வந்த விளக்கம் இது. 'சேர்ந்து துடிக்கும் செல்கள் சேர்ந்து பிணைகின்றன' என்று 1992இல் அதைச் சுருக்கி எழுதியவர் ஷாட்ஸ். இன்று எல்லோரும் ஹெப் சொன்னதாகவே மேற்கோள் காட்டுகிறார்கள், பாவம்.

எனக்கு மிகவும் பிடித்தது டேவிட் ஸ்டெல்வேகனோடு சேர்ந்து ஷாட்ஸ் 2002இல் செய்த சோதனை. ஃபெரெட் குட்டியின் ஒரு கண்ணில் மட்டும் மருந்து செலுத்தி அலைகளை அடிக்கடி வரச் செய்தார்கள். அந்தக் கண் எல்ஜிஎன்னில் கூடுதல் இடத்தைப் பிடித்தது. இரு கண்களிலும் அலைகளைக் கூட்டியபோதோ, பங்கீடு வழக்கம்போலவே அமைந்தது. எவ்வளவு துடிக்கிறாய் என்பதல்ல, எதிராளியைவிட எவ்வளவு அதிகம் என்பதே கணக்கு.

எல்லோரும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. அலைகளுக்குக் காரணமான செல்களை அழித்து, துடிப்பின் ஒழுங்கைக் குலைத்த பிறகும் அடுக்குகள் பிரிவதாக 2003இல் வேறொரு குழு காட்டியது. துடிப்பு இருந்தாலே போதுமா, அலைவடிவம்தான் வழிகாட்டுகிறதா என்று நெடுநாள் வாக்குவாதம் நடந்தது. என் பார்வையில், 2002 சோதனையில் தெரிந்த போட்டியை 'வெறும் துடிப்பே போதும்' என்ற விளக்கத்தால் ஈடுகட்ட முடியாது. தட்டில் வைத்த விழித்திரையில் மட்டுமல்லாமல், உயிருள்ள எலிக்குட்டியிலும் அலைகள் விழித்திரையிலிருந்து மூளைக்குள் பரவுவதை 2012இல் மைக்கேல் கிரெய்ரின் குழு பார்த்துவிட்டது.

தளர்ந்த இணைப்பை வெட்டிவிடுவது எது? இங்கேதான் ஷாட்ஸின் பாதை எதிர்பாராத பக்கம் திரும்பியது. துடிப்பை நிறுத்தினால் எந்த மரபணுக்களின் வேலை குறைகிறது என்று முன்முடிவு எதுவும் இல்லாமல் சலித்துப் பார்த்தார்கள். 1998இல் வலையில் சிக்கியது 'எம்ஹெச்சி வகுப்பு 1'. இது நோயெதிர்ப்பு மண்டலத்தின் மூலக்கூறு. கிருமி தொற்றிய செல்லை, நோயெதிர்ப்புப் பணி செய்யும் டி செல்லுக்குக் காட்டிக்கொடுப்பது. நலமான நரம்பு செல்களில் அது இல்லை என்பதே அன்றைய பாடம். பலர் நம்பவில்லை. ஆனால் அந்த மூலக்கூறு செல்லின் மேற்பரப்புக்கு வராத எலிகளில் இரு கண்களின் இழைகளும் சரியாகப் பிரியவில்லை என்று 2000இல் வந்த ஆய்வு காட்டியது.

அந்த மூலக்கூறோடு பிணையும் பிர்பி என்ற ஏற்பியும் நரம்பு செல்களில் கிடைத்தது. அது இல்லாத எலிகளின் பார்வைப் புறணி, வளர்ந்த பிறகும் குட்டியுடையதைப் போல எளிதில் மாறுகிறது என்று 2006இல் எழுதினார்கள். பிர்பி ஒரு பிரேக்காக வேலை செய்கிறது. 2014இல் அந்தப் பிரேக்கை எடுத்துப் பார்த்தார்கள். குட்டியில் ஒரு கண் மூடப்பட்டு, சோம்பேறிக் கண்ணோடு வளர்ந்த எலிகளில் பிர்பியின் வேலையைத் தடுத்தபோது, நரம்பு செல்களுக்கு இடையே புதிய சினாப்ஸுகள், அதாவது இணைப்புகள், முளைத்தன; பார்வையும் மீண்டது. மனிதருக்கும் இதே இனத்து ஏற்பி உண்டு, லில்ஆர்பி2 என்று பெயர். அல்சைமர் நோயில் மூளையில் சேரும் பீட்டா அமைலாய்டு என்ற புரதம் இதையும் பிர்பியையும் பற்றிக்கொள்கிறது என்று அதே ஆய்வகம் 2013இல் காட்டியிருக்கிறது.