குஞ்சைப் பிதுக்கிப் பார்க்காதீர்கள்

போன வாரம் என் மேசைக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ஆர்பிங்டன் இனக் கோழிக் குஞ்சுகள் 11, பொரித்து இரண்டு நாள் ஆனவை. நான்கு ஏற்கெனவே இறந்திருந்தன. மூன்றுக்கு எச்சவாய் பிதுங்கி ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. கொண்டுவந்தவர் அக்கறை இல்லாதவர் அல்ல. ஒவ்வொரு குஞ்சின் காலிலும் நிற நூல் கட்டி, நோட்டில் எழுதி வைத்திருந்தார். "எது சேவல், எது பெட்டை என்று பார்க்கத்தான் டாக்டர், லேசாகத்தான் அமுக்கினேன்" என்றார்.

தகப்பன் எது, தாய் எது என்று கேட்டேன். சாக்லேட் நிறச் சேவல், கருப்புப் பெட்டைகள் என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த ஜோடிக்குப் பிறக்கும் சாக்லேட் குஞ்சு எல்லாம் பெட்டை, கருப்புக் குஞ்சு எல்லாம் சேவல். பெட்டிக்குள் எட்டிப் பார்த்திருந்தால் போதும், ஒரு குஞ்சையும் தொட்டிருக்கவே வேண்டாம்.

இப்படி வந்த முதல் பெட்டி இதுவாக இருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எச்சவாயைப் பார்த்துப் பால் பிரிப்பது பொய்யில்லை. 1920-களில் ஜப்பானில் மசூயி கியோஷியும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டறிந்த முறை அது. 1927-இல் ஒட்டாவாவில் நடந்த உலகக் கோழியியல் மாநாட்டின் வழியாக வெளியே பரவியது. எச்சவாய்க்குள் குண்டூசித் தலையளவு ஒரு புடைப்பு இருக்கும். சேவல் குஞ்சில் அது உருண்டு பளபளப்பாகத் தெரியும், பெட்டையில் பெரும்பாலும் இருக்காது. சிக்கல் அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. சில பெட்டைகளுக்கும் புடைப்பு உண்டு, சில சேவல்களுக்கு அது தட்டையாக இருக்கும். அந்த வித்தியாசம் கண்ணில் பட ஆயிரக்கணக்கான குஞ்சுகளைக் கையில் எடுத்துப் பழக வேண்டும். நான் கால்நடை மருத்துவன். எனக்கு அந்தப் பயிற்சி கிடையாது, அதனால் நான் அதைச் செய்வதும் இல்லை. மூன்று நிமிட வீடியோ பார்த்துவிட்டு நீங்கள் ஏன் செய்கிறீர்கள்?

பொரிப்பதற்குச் சற்று முன் குஞ்சு மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. முதல் இரண்டு மூன்று நாளுக்கு அதுதான் அதன் சாப்பாடு. உங்கள் கட்டைவிரல் அமுக்குவது அந்தப் பையைத்தான். உள்ளே கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. மறுநாள் குஞ்சு தலை தொங்கும், அதற்கடுத்த நாள் இறந்துவிடும், "சளி பிடித்துவிட்டது" என்பீர்கள்.

சரி, முட்டைக்கு வருகிறேன். கூர்முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்ற பேச்சை வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். படித்தவர், பத்து வருடம் கோழி வளர்த்தவர் என்று யாரும் விதிவிலக்கு இல்லை. நான் திருப்பி ஒன்று கேட்பேன்: உங்கள் கூட்டில் எந்த முட்டை எந்தப் பெட்டை இட்டது என்று வடிவத்தைப் பார்த்தே சொல்வீர்களா? ஓரளவு சொல்வோம் என்பார்கள். ஏனென்றால் முட்டையின் வடிவம் அந்தந்தப் பெட்டையின் முட்டைக்குழாய் தரும் அச்சு. கூர்முட்டை இடுகிற பெட்டை பெரும்பாலும் கூர்முட்டையே இடுகிறது. அப்படியானால் அவள் வாழ்நாள் முழுக்கச் சேவலாகவே பெற வேண்டுமே. பெறுகிறாளா?

இன்னொரு பக்கமாகவும் பாருங்கள். நம்மில் குழந்தை ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணுவைப் பொறுத்தது. கோழியில் தலைகீழ். சேவலின் விந்தணு எல்லாம் ஒரே வகை, இசட் குரோமோசோம் மட்டுமே. பெட்டை தரும் கருவில்தான் இசட் அல்லது டபிள்யூ இருக்கும்: இசட் என்றால் சேவல், டபிள்யூ என்றால் பெட்டை. எது என்பது மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபடும் முன்பே முடிவாகிவிடுகிறது. அதற்கப்புறம் அது குழாயில் இறங்கி, வெள்ளைக் கரு சேர்ந்து, சவ்வு மூடி, கடைசி 20 மணி நேரத்தில்தான் ஓடு கட்டுகிறது. ஓடு கட்டுகிற இடத்துக்கு உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று எப்படித் தெரியும்?

"ஆனால் எனக்குச் சரியாக வந்ததே டாக்டர்." வரும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி சரியாக வரும். சரியாக வந்தது நினைவில் நிற்கும், வராதது மறந்துவிடும். முட்டை மேல் நூலில் ஊசி கட்டி ஆட்டுவதற்கும், வெளிச்சத்தில் காற்றறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்கும் இதே பதில்தான்.

சூட்டை மாற்றினால் பெட்டை கூடும் என்பது இதைவிட ஆபத்து. முதலைக்கும் பல ஆமை இனங்களுக்கும் சூடு பாலை மாற்றும், கோழிக்கு மாற்றாது. காற்றாடி உள்ள இன்குபேட்டரை 37.5 டிகிரி செல்சியஸில் வையுங்கள். அதைத் தாண்டி ஏற்றினால் கரு சாகும், தப்பித்தது தொப்புள் மூடாமல் வரும். அதையும் என்னிடம்தான் கொண்டுவருகிறீர்கள்.

பொரித்த அன்றே பால் தெரிய வேண்டுமானால், முட்டை வைப்பதற்கு முன்பே ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். சாக்லேட் சேவலும் கருப்புப் பெட்டையும் ஒரு ஜோடி. ரோட் ஐலண்ட் ரெட் சேவலை லைட் சசெக்ஸ் பெட்டையோடு விட்டால் வெளிர்க் குஞ்சு சேவல், செம்பழுப்புக் குஞ்சு பெட்டை. வரிப் பிளைமவுத் ராக் பெட்டையைக் கருப்புச் சேவலோடு விட்டால், தலையில் வெள்ளைப் பொட்டு உள்ளது சேவல். எது தகப்பன், எது தாய் என்பதை இடம் மாற்றினால் இந்தக் கணக்கு எதுவும் பலிக்காது. இந்தக் குஞ்சுகளையே வளர்த்து ஒன்றோடொன்று சேர்த்தாலும் பலிக்காது. ஒரு தலைமுறைக்கு மட்டும்தான். ஆகவே தூய இனத்தைத் தனிக் கூட்டில் காப்பாற்றி வையுங்கள். தூய இனமாகவே பால் காட்டுவது வேண்டுமானால் க்ரீம் லெக்பார் இருக்கிறது. பெட்டைக் குஞ்சின் முதுகில் அழுத்தமான பட்டை ஓடும், சேவலில் அது மங்கி, தலையில் வெளிர்ப் பொட்டு இருக்கும்.

இறக்கை இறகின் நீளத்தைப் பார்ப்பதும் அதற்கென்று இணைத்த கூட்டத்தில்தான் செல்லும். தாய் மெதுவாக இறகு முளைக்கும் வகையாகவும், தகப்பன் வேகமாக முளைக்கும் வகையாகவும் இருக்க வேண்டும். உங்கள் அலங்கார இனத்தில் எல்லாக் குஞ்சும் ஒரே வேகத்தில் முளைத்தால் அதில் பார்க்க ஒன்றுமில்லை.

எல்லா நிறமும் பால் சொல்லாது. நீலம் சொல்லாது. நீலத்தோடு நீலம் சேர்த்தால் சராசரியாகப் பாதி நீலம், கால் பங்கு கருப்பு, கால் பங்கு ஸ்பிளாஷ் (வெளிர் நிறத்தில் நீலத் தெறிப்பு). கருப்பு வந்ததும் "கலப்படம்" என்று தாயைக் கழித்துவிடாதீர்கள், தயவுசெய்து. அந்தக் கருப்பை ஸ்பிளாஷோடு சேர்த்தால் அத்தனையும் நீலம். அப்புறம், சேவலை மாற்றினால் குறைந்தது மூன்று வாரம் பொறுங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேல் கூட உயிரோடு இருக்கும். புதுச் சேவல் மேல் வருகிற பாதிப் புகார் இதனால்தான்.

இறகு சுருண்டு நிற்கும் ஃப்ரிசில் கோழியை இன்னொரு ஃப்ரிசிலோடு சேர்க்கவே கூடாது. கால் பங்கு குஞ்சுகளுக்கு இறகு பொடிந்து உடல் வெறுமையாகிவிடும், குளிரில் நடுங்கிக்கொண்டே வாழும். ஜப்பானிய பேண்டம் என்ற குள்ளக் கோழி இனத்தில் குட்டைக்கால் இரண்டைச் சேர்த்தால் கால் பங்கு ஓட்டுக்குள்ளேயே சாகும். காதருகே இறகுக் கொத்து உள்ள அரௌகானா இனத்தில் கொத்துள்ள இரண்டைச் சேர்த்தாலும் அதே கதி. இன்குபேட்டரில் குறை தேடாதீர்கள், ஜோடியைப் பாருங்கள்.

இது எதுவும் உங்கள் இனத்துக்குப் பொருந்தாவிட்டால் காத்திருங்கள். பல இனங்களில் ஐந்தாறு வாரத்தில் சேவலின் கொண்டை சிவந்து பெரிதாகும். 12 வாரம் வாக்கில் வாலுக்கு முன்னால் முதுகில் கூரான, பளபளக்கும் இறகு இறங்கினால் சேவல்தான், சந்தேகமே வேண்டாம். பஞ்சு போன்ற இறகுள்ள சில்க்கி இனம் மட்டும் ஐந்து மாதம் வரை ஏமாற்றும். அவசரம் என்றால் ஓர் இறகோ ஒரு சொட்டு ரத்தமோ போதும், டிஎன்ஏ பரிசோதனை சொல்லிவிடும். வயதான பெட்டை திடீரென்று கூவினால் அபசகுனம் என்று அறுக்காதீர்கள். அதற்கு வேலை செய்யும் சினைப்பை இடப்பக்கம் ஒன்றுதான். அது நோயில் கெட்டால் சேவலின் குணம் வரலாம். கொண்டுவந்து காட்டுங்கள்.

ஏற்கெனவே பிதுக்கிவிட்டீர்கள், எச்சவாய் வெளியே வந்துவிட்டது என்றால், முதலில் அந்தக் குஞ்சை மற்றவற்றிடமிருந்து பிரியுங்கள். சிவப்பைக் கண்டால் அவை கொத்தியே கொன்றுவிடும். 35 டிகிரி சூட்டில் வையுங்கள். வெதுவெதுப்பான சலைன் நீரால் நனைத்து ஈரமாக வைத்திருங்கள். விரலால் உள்ளே தள்ளாதீர்கள். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போன வாரம் வந்த மூன்றில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. சாக்லேட் நிறக் குஞ்சு, பெட்டை.